சென்னப்பன் வந்துபோன செய்தி

காரிமங்கலம்
14-9-1969

அன்பு மகள் சாலம்மாளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பிலாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தது, பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மழை இரண்டு தரம் பெய்தது, கேழ்வரகு முழங்கால் உயரம் நிற்கிறது, சிவப்பு மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியிருக்கிறது, ஆனால் அவள் என்னோடு பேசி இருபத்துமூன்று நாள் ஆகிறது. அதன் காரணத்தை என் கையாலேயே உனக்கு எழுதவேண்டும் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இனிமேல் உள்ளதைத் தனியாகப் படிக்காதே, மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

பங்குனியில் உன் தம்பி சென்னப்பன் ஓட்டிப்போன லாரி தொப்பூர் கணவாயில் உருண்டு எரிந்ததும், தந்தி கிடைத்து நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனதும் உனக்குத் தெரியும். லாரியில் கிளம்பியது அவனும் பெரிய டிரைவரும்தான், கிடைத்ததும் இரண்டு உடல்தான். முகம் இரண்டுக்கும் இல்லை. உயரத்தைப் பார்த்து இது என் பையன் என்று போலீசாரிடம் சொன்னது நான். குழியில் முதல் மண் தள்ளியதும் நான். அதற்கப்புறம் ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். கணவாய்த் திருப்பத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் லாரிகளுக்குக் கை காட்டுகிறான் என்றார்கள், பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் சென்னப்பன் சீட்டி அடிக்கிற சத்தம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் கேட்டதென்றாள். நான் எல்லோரையும் சத்தம்போட்டு அடக்கினேன். பேயுமில்லை பிசாசுமில்லை என்று சொல்லித்தானே உங்கள் இருவரையும் வளர்த்தேன். உன் அம்மா மட்டும், "பேயா வந்தாலும் பரவால்லீங்க, ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டுனாப் போதும்" என்பாள். அவளையும் திட்டினேன்.

ஆவணி ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில், கண்ணம்மாள் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஏரிக்கரையிலிருந்து ஓடிவந்தாள். "மாமா, உங்க சென்னப்பன் வர்றானுங்க, மொட்டத் தலையா வர்றான், கால் தரையிலயே படலீங்க" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே விழுந்தாள். அவளைத் திட்டிக்கொண்டே தெருவில் இறங்கினேன். அவன் வந்துகொண்டிருந்தான் சாலம்மா. மொட்டைத் தலை, ஒரு பக்கக் கன்னம் வெந்து சுருங்கியிருந்தது, யாருடைய சட்டையோ தொளதொளவென்று போட்டிருந்தான். என் கையால் மண் தள்ளிய பிள்ளை எதிரே நடந்து வந்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்கமுடியும்? ஐம்பத்தெட்டு வயதுவரை நம்பாதவன் அந்த ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். அவன் "அப்பா, நாந்தாங்கப்பா" என்றான். வாய் கோணியிருந்ததால் குரலும் கோணலாக வந்தது. உள்ளே இருந்த உன் அம்மா அதைக் கேட்டு ஓடிவந்தாள். நான் அவளை உள்ளே தள்ளிக் கதவை இழுத்து வெளியே சங்கிலி போட்டேன். "அது எம்புள்ள கொரலுங்க, கதவத் தெறங்க" என்று அவள் கையாலும் தலையாலும் கதவை இடித்தாள். அவன் இன்னும் இரண்டு எட்டு வைத்தான். நான் குனிந்து கல்லை எடுத்தேன். எனக்குப் பின்னால் ஊரே கல் எடுத்தது, ஆனால் முதலில் எறிந்ததும் நான், அவன் மேல் பட்டதும் நான் எறிந்த கல்தான், புருவத்துக்கு மேலே. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்து, அப்புறம் என்னைப் பார்த்தான். திரும்பி, இடது காலை இழுத்து இழுத்து வந்த வழியே போய்விட்டான்.

பேய் போய்விட்டதென்று வீட்டுக்கு வீடு வேப்பிலை சொருகினார்கள். நான் சங்கிலியை எடுத்ததும் உன் அம்மா அவன் நின்ற இடத்துக்கு ஓடினாள். புழுதியில் ஒரு கால் தடம் முழுசாகவும் ஒரு கால் இழுபட்டும் தெரிந்தது, பக்கத்தில் நாலைந்து சொட்டு. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பேய்க்கு ரத்தம் வருமுங்களா?" என்று கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

செருப்பில்லாமல் காரிமங்கலம் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். தலையில் துண்டை அழுத்திக்கொண்டு ஒருவன் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிப் போனதாகவும், காலையில் பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கி நம் தெருவுக்கு வழி கேட்டவனும் அவன்தான் என்றும் டீக்கடைக்காரர் சொன்னார். கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் தேடிவிட்டு பெங்களூரில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினேன். மூன்றாம் நாள் ஒரு நர்சம்மா, கன்னடமும் தமிழும் கலந்து விவரம் சொன்னார். கணவாய்க்குக் கீழே புதரில் கிடந்தவனை வேறு லாரிக்காரர்கள் தூக்கிவந்து சேர்த்தார்களாம். நான்கு மாதம் தன் பேரே தெரியாமல் கிடந்தானாம். ஒருநாள் காரிமங்கலம் என்று சொன்னானாம், அன்றிலிருந்து ஊருக்குப் போகணும் என்ற ஒரே பேச்சுதானாம். அப்படியானால் நான் புதைத்தது வழியில் லாரியில் ஏறின யாரோ ஒரு பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும். அவனைப் பெற்றவர்கள் இன்னும் வழி பார்த்துக்கொண்டிருப்பார்கள். சென்னப்பன் அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தேன், பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, லாரி ஆபீஸ் ஒன்று விடாமல் கேட்டுவிட்டேன்.

உன் பெரியப்பா மகன் சென்றாயன் இன்றைக்கும் என்னிடம், "அது பேயாத்தான் இருக்கும் சித்தப்பா, மனச வுடாதீங்க" என்கிறான். என்னைத் தேற்றத்தான் சொல்கிறான். பேய் உண்டா இல்லையா என்று இனி நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. ஆனால் சில சமயம் அது பேயாகவே இருந்துவிடக்கூடாதா என்று நானே ஆசைப்படுகிறேன் கண்ணு. அப்படி இருந்திருந்தால் என் பிள்ளைக்கு அந்தக் கல் வலித்திருக்காது.

உனக்குப் போகும் கடிதங்களுக்கு மேல்விலாசம் எழுதினதெல்லாம் அவன்தான், அது அவன் மனதில் இருக்கும். எங்கே போவதென்று தெரியாமல் உன்னைத் தேடி வந்தாலும் வரலாம். மாப்பிள்ளையிடம் சொல்லி ஸ்டேஷனிலும் பாக்டரி கேட்டிலும் அடையாளம் சொல்லிவை. வாசலில் யார் எந்தக் கோலத்தில் வந்து நின்றாலும் பயப்படாதே, முதலில் கையைப் பிடித்துப் பார், சூடு இருக்கிறதா என்று பார். உள்ளே கூட்டிவந்து சோறு போடு. அவன் முகத்தைப் பார்த்துக் குழந்தை அழுதால் மாமா என்று சொல்லிப் பழக்கு. என்னைப் பற்றி அவன் கேட்டால் மட்டும் சொல், கேட்காவிட்டால் வேண்டாம்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நீண்டநாள் வாழவேண்டும். குளிருக்கு முன்னால் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வாங்கிவிடு. அவன் வந்தால் உடனே தந்தி கொடு. என் பேருக்குக் கொடுக்காதே, ராமக்காள் என்று உன் அம்மா பேருக்குக் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா
கோவிந்தன்