கிரைண்டரை முதலில் விற்றேன்

ஜூன் 3, புதன்

காலை எட்டுக்கே அனல். ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறேன், எனக்குத் தைப்பது மட்டும் அக்குளில் பிடிக்கிறது. அளவு எடுக்கும்போது என்னிடமே பொய் சொல்லிவிடுகிறேன்.

இன்று செய்ய வேண்டியவை:
1. கேஸ் இணைப்பை மாற்ற எழுதிக் கொடுப்பது
2. பீரோ சாவி தேடுவது
3. வசந்தாவிடம் சொல்வது

1 ஆகவில்லை. 2 ஆகவில்லை. 3 தானாக ஆகிவிட்டது.

முதல் வியாபாரம் கிரைண்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் வைத்திருக்கும் ஆள் மதியம் வந்தார். கல்லைத் தடவி, தட்டி, சுற்றிவந்து பார்த்தார். மாடு பிடிக்க வந்தவர் மாதிரி. பேரம் இல்லை. கேட்டதைக் கொடுத்தார். எனக்கு வாயெல்லாம் பல். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இன்று புதன் என்பது ஞாபகமே இல்லை.

புதனும் சனியும் என் வீடு, பக்கத்து வீட்டு வசந்தா வீடு, இரண்டு வீட்டு மாவும் அதில்தான். பதினெட்டு வருஷம். அரிசி வசந்தா, உளுந்து நான். கரண்டு என் மீட்டர், கழுவுவது அவள். எதிரெதிரே உட்கார்ந்து தெருவில் ஒரு வீடு விடாமல் மாவோடு சேர்த்து அரைப்போம். சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவதால் ரகசியமெல்லாம் நாலு வாசல் தாண்டிக் கேட்கும். கிரைண்டரை நிறுத்தினால் தெருவே கப்சிப். எல்லாரும் காது கொடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஐந்துக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை முடிந்து, வீட்டுக்கு ஒரு நடை போய். இடுப்பில் ஊறின அரிசிப் பாத்திரம்.

"எஸ்தரு, கிரைண்டர் எங்கடி?"

"வித்துட்டேன்."

"ஏன், ஓடலையா?"

"பழசாயிடுச்சு இல்ல... புதுசு வாங்கலாம்னு."

நாக்கு என்னுடையதுதான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவே சொன்னது. அதோடு போயிருந்தால் இன்னொரு நாள் ஓடியிருக்கும். வாசலில் மெஸ்காரர்.

"அக்கா, மூடிய மறந்துட்டுப் போய்ட்டேன்." எடுத்துக்கொண்டவர் வசந்தாவைப் பார்த்து, "நீங்களும் எதனா வாங்கறதுன்னா சீக்கிரம் வாங்கிக்கோங்கமா. திங்கக்கிழம காலி பண்ணிக்கினு ஓசூர் போறாங்களாம். அதான் சல்லிசா குடுக்கறாங்க."

வசந்தா என்னைப் பார்க்கவில்லை. பாத்திரத்தைப் பார்த்தாள்.

"அரிசி புளிச்சிடும்" என்றாள். போய்விட்டாள்.

இரண்டு மாசமாகத் தெரியும் எனக்கு. இந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் பட்டுக்கடைக்கு விற்றுவிட்டார், கார் நிறுத்த இடமாம். நான் சமைத்துத் தூங்கின இடத்தில் இனிமேல் முகூர்த்தப் புடவை வாங்க வருபவர்களின் கார்கள். மகன் ஜெபராஜ், "ஓசூருக்கே வந்துடும்மா" என்றான். பால்காரரிடம் சொன்னேன். கேஸ்காரரிடம் சொன்னேன். எனக்குப் பிடிக்கவே பிடிக்காத கோடிவீட்டு லலிதாவிடம்கூடச் சொன்னேன். வசந்தாவிடம் மட்டும் "இன்னும் முடிவாகல." ஒவ்வொரு புதனும் கிரைண்டர் ஓடும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். மாவு பொங்கி வரும். வழித்துவிடுவோம்.

ஜூன் 4, வியாழன்

காற்று மட்டும். மழை இல்லை.

வெட்கத்தை விட்டு மெஸ்ஸுக்கே போனேன், கிரைண்டரைத் திருப்பிக் கேட்க. அங்கே அது சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே கடலைப்பருப்பும் சோம்பும்.

"வடைக்குப் போட்டாச்சுக்கா. ஊர விட்டுப் போறவங்களுக்கு எதுக்கு கிரைண்டர்? ஓசூர்ல உளுந்து கிடைக்காதா?"

இரண்டு மசால் வடை வாங்கிக்கொண்டு வந்தேன். மொறுமொறு. அதற்கும் கோபம் வந்தது.

போனவை: டிவி, மர ஸ்டூல், பித்தளை அண்டா, கொசுவலை.
போகாதவை: பீரோ (சாவி இல்லாத பீரோவை யார் வாங்குவார்), கட்டில், சாமான் ஸ்டாண்டு.
யாரும் கேட்காதது: நான்.

தையல் மெஷின் என்னோடு வருகிறது. அதைக் கேட்டவரை முறைத்த முறைப்பில் தண்ணீர்கூடக் கேட்காமல் போனார்.

பழைய பேப்பர்காரர் அளவு நோட்டுகளைப் பார்த்துவிட்டார். "இதையும் போடுமா, நல்ல கனம்." போட முடியுமா? இந்தத் தெருவின் மானம் முழுக்க அதில் இருக்கிறது. யார் எந்த வருஷம் எத்தனை இஞ்ச் ஏறினார்கள், யார் கல்யாணத்துக்கு முன்னால் இறக்கி மறுபடி ஏற்றினார்கள், எல்லாம். கிழித்து ஊற வைத்துக் கூழாக்கினேன். ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொண்டேன். வ. பக்கம், வசந்தாவுடையது. பதினெட்டு வருஷத்தில் எட்டு முறை அடித்துத் திருத்தியது. மார்பு, இடுப்பு, கை, எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்தில்: "கழுத்து இறக்கம் வேணாம்னு சொல்வா. கேக்காத."

அவள் கதவு சாயங்காலமெல்லாம் சாத்தியே இருந்தது. ரேடியோ சத்தம் மட்டும்.

ஜூன் 5, வெள்ளி

அளவு ஜாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும் நாள். அளவுக்கென்று கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போனவை, ஒரு மூட்டை. இருபத்தாறு. வீடு வீடாக.

ஒருத்தி: "இது என்னுதா? இவ்ளோ சின்னதாவா இருந்தேன்?" ஜாக்கெட்டை மார்பில் வைத்துப் பார்த்து அழுதுவிட்டாள். நான் போவதற்காக இல்லை.

இன்னொருத்தி: "என்னுது இல்ல." அவளுடையதுதான். புருஷனுக்குத் தெரியாமல் தைத்தது. மடித்துத் திரும்ப மூட்டையில் போட்டேன். சிரிப்பை வீட்டுக்கு வந்துதான் விட்டேன்.

கடைசியாக வ. வீடு. இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பினேன். உள்ளே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள்.

வாங்க. பதினெட்டு வருஷத்தில் முதல் முறை.

"உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வசந்தா, அடிச்சிடுடி. இப்படிப் பேசாத."

"ஊருக்குப் போறவங்கள அடிப்பாங்களா? சாமான்லாம் வித்துடுச்சுங்களா?"

தண்ணீர் கொண்டுவந்தாள், விருந்தாளிக்கு எடுக்கும் எவர்சில்வர் டம்ளரில். அவள் வீட்டில் நான் எப்போதும் நானே பானையில் மோந்து குடிப்பேன். குடித்தேன். "வரேன்" என்றேன். "சரிங்க" என்றாள்.

என் புருஷன் இறந்த மாசம் நினைப்பு வந்தது. அந்த முப்பது நாளும் நான் அடுப்புப் பக்கம் போகவில்லை. ஆனால் மாவுப் பாத்திரம் காலையில் நிறைந்திருக்கும். யார் அரிசி போட்டது, யார் உளுந்து ஊற வைத்தது என்று கேட்கவே இல்லை நான். கேட்க வேண்டியதும் இல்லை. அப்பேர்ப்பட்டவளிடம் "புதுசு வாங்கலாம்னு" என்று சொல்லியிருக்கிறேன். என் வாயில் ஊசி நூல் போட வேண்டும். சொந்த மெஷின் இருக்கிறது, கூலிகூடக் கிடையாது.

ஜூன் 6, சனி

தூறல் மாதிரி வந்து ஏமாற்றியது.

கட்டில் போனது. புதுசாகக் கல்யாணமானவர்கள், இரண்டும் குழந்தை முகம். பெண் உட்கார்ந்து பார்த்தது, பையன் நின்றுகொண்டே பார்த்தான். "சத்தம் வருமாக்கா?" என்றான். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிவப்பு. "வராதுப்பா, நான் தனியாத்தான் படுக்கறேன்" என்றேன். பெண் அடக்க முடியாமல் சிரித்தது. அவர்கள் போன பிறகு தரையில் கட்டில் கால் இருந்த நாலு வட்டம். துடைத்தேன். போகவில்லை.

இன்று சனி, மாவு நாள். ஐந்து மணிக்குக் காது தானாக வாசலுக்குப் போனது.

வந்தாள். என் வாசலைத் தாண்டிப் போனாள். இடுப்பில் அரிசிப் பாத்திரம், மேலே உளுந்துக் கிண்ணம். நேராக லலிதா வீடு.

லலிதா! புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தால் மூணு முறை பிரித்துப் பார்ப்பவள். அவளைப் பற்றி நாங்கள் அரைத்த மாவில் தெருவுக்கே ஒரு மாசம் இட்லி ஊற்றலாம். அவள் கிரைண்டரா?

லலிதா வீட்டு ஜன்னல் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். வெட்கமில்லாதவள், ஒப்புக்கொள்கிறேன். கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும். பேச்சு இல்லை. முக்கால் மணி நேரம், ஒரு வார்த்தை இல்லை. அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

என் வீட்டில் உளுந்து இருக்கிறது, அரைக்க வழியில்லை. ரவை உப்புமா.

ஜூன் 7, ஞாயிறு

சபையில் எனக்காக ஜெபம். பாஸ்டர், "நம் சகோதரி எஸ்தர் அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர்" என்றார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நானும் இருமினேன்.

ஜெபராஜ் மதியம் வந்தான். பீரோவைத் திறக்க ஆள் பிடித்தான். சாவி பீரோவுக்குள்ளேயே இருந்தது. எப்படி என்று கேட்காதே என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கட்டினான். பேசினால் சுவர் திருப்பிப் பேசுகிறது.

"வசந்தா அத்தை எங்கம்மா? வந்ததுலேர்ந்து காணோம்."

சொன்னேன். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"ரெண்டு மாசமா சொல்லலியா? நான் உன்ன போன்ல கேட்டப்பல்லாம் அத்தைக்கு சந்தோஷம்னு சொன்ன!"

அதுவும் சொல்லியிருக்கிறேன். மறந்தே போச்சு.

சாயங்காலம் அவளுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இந்த நோட்டில் நாலு பக்கம் வாய் ஓயாமல் எழுதுகிறவள், "வசந்தா" என்று எழுதிவிட்டு ஒரு மணி நேரம். அந்தத் தாளில்தான் பல்பு சுற்றியிருக்கிறது.

ஜூன் 8, திங்கள்

எழுதுவது லாரியில். வாலாஜா தாண்டி டீக்கு நிறுத்தியிருக்கிறார்கள். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்.

எங்கள் சந்துக்குள் லாரி வராது. பெரிய தெருவில் நின்றது. சாமான்களைத் தூக்கலாம் என்றால் காலையிலேயே நெசவுக்காரர்கள் தெரு நீளத்துக்குத் தறிப் பாவு நூலை நீட்டிவிட்டார்கள். அரக்குப் பட்டு, இடுப்பு உயரத்துக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. பாத்திரமூட்டை குனிந்து போய்விடும். பீரோ குனியுமா?

"ஒரு மணி நேரம் பொறுக்கா, சுத்திடறோம்" என்றார்கள்.

லாரி டிரைவர் சந்து முனையிலிருந்து கத்தினார்: "ஊரு பூரா நூல் கட்டி வெச்சிக்கினு எப்படிமா குடும்பம் நடத்தறீங்க?"

எனக்கு அந்த ஒரு மணி நேரம் பிடித்திருந்தது. வ. வருவதற்கு ஒரு மணி நேரம். பாவைச் சுற்றி முடித்தார்கள். பீரோ போனது. மெஷின் போனது. அவள் கதவில் பூட்டு.

லலிதாதான் சொன்னாள், வாயில் வெல்லம் போட்டுக்கொண்டு: "வசந்தாக்காவா? முத பஸ்ஸுக்கே ஏறிடுச்சே. தாமல்ல பொண்ணு வீட்டுக்கு. ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. நன்றாகத்தான் செய்தாள்.

ஏறினேன். டிரைவர் பக்கத்தில் ஜெபராஜ், ஜன்னல் ஓரம் நான். ஊர் முடிந்தது. தாமல் வரும் என்று தெரியும், ஓசூர் ரோடு அந்த ஊர் வழியாகத்தான். ஏரிக்கரை தெரிந்ததும், "நிறுத்துப்பா" என்றேன்.

"இன்னாமா, இப்பத்தான ஏறின?"

"பத்து நிமிஷம்."

அவள் பெண் செல்வியின் வளைகாப்புக்கு வந்த வீடு. வழி தெரியும். வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள் வ. நிமிர்ந்தாள். மறுபடி கீரை.

"எதுக்கு வந்த?"

"சொல்லாம போறதுக்கு மனசு வரல."

"ரெண்டு மாசம் வந்துச்சே." கீரையை முறத்தில் வேகமாகப் போட்டாள். "பால்காரன்கிட்ட சொன்ன. கேஸ்காரன்கிட்ட சொன்ன. லலிதாகிட்ட சொன்னடி! அவ என்கிட்ட வந்து, 'உங்களுக்குத் தெரியாதா'ன்னு கேக்கறா. மெஸ்ஸுக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"அவங்ககிட்டல்லாம் சொன்னா எனக்கு ஒண்ணும் ஆகல. உன்கிட்ட சொன்னா போக முடியாது. அதான்."

செல்வி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது.

"கிரைண்டர யாரு கேட்டா?" என்றாள் வ., குரல் உடைந்து. "கடைல குடுத்தா அரைச்சுத் தரான். இனிமே புதன்கிழம சாயந்தரம் நான் எங்க போய் உக்கார்றது? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்துக் கீரை எடுத்து உருவினேன். இரண்டு பேரும் உருவினோம். ரோட்டில் லாரி ஹாரன். இன்னொரு ஹாரன்.

"போ. வண்டிக்காரன் கத்தறான்."

"வசந்தா."

"போடி. எழுந்து போ."

எழுந்தேன். ரோட்டுப் பக்கம் நடந்தேன். வெயிலில் கண் கூசியது. கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் செருப்புச் சத்தம். பத்தடி தள்ளி. நான் வேகமாக நடந்தால் வேகமாக, மெதுவாக நடந்தால் மெதுவாக. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவாள். அவளைத் தெரியும் எனக்கு.

லாரி வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.