முந்திக்கொண்ட கடிதம்

அக்கா,

இன்று கப்பல் வந்தது. பதினைந்து நாள் செய்தித்தாள்களும் ஒரே கட்டாக வந்தன. பழையதில் தொடங்கி வரிசையாகப் படிப்பதுதான் இங்கே எங்கள் வழக்கம். ஒன்றில் அணுகுண்டு யுத்தத்தைப் பற்றிக் கட்டுரை. 'எச்சரிக்கை கிடைத்ததும் ஏவுவது' என்ற ராணுவச் சொல்லுக்கு விளக்கம் போட்டிருந்தார்கள். எதிரி ஏவிவிட்டான் என்று தகவல் வந்தால் போதும். அது வந்து விழும்வரை காத்திருக்காமல் நம்முடையதை ஏவிவிட வேண்டுமாம். தகவல் தவறென்று பிறகு தெரிந்தாலும், போனதைத் திரும்ப அழைக்க முடியாதாம். அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை.

உனக்கு நான் செய்தது அதேதான்.

இந்தத் தீவிலேயே பிறந்த பெண்ணை, கைதியாக வந்தவரின் பேத்தியை, கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். உன் பதில் வருமுன், இங்கே ஜங்லிகாட்டில் கடை வைத்திருப்பவர், நம் ஊருக்குப் போய்த் திரும்பியவர், ஜெட்டியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அரே பாய், உங்கக்கா பயங்கர குஸ்ஸால இருக்காங்க. உன்னைத் தலைமுழுகி அடுத்த ஜஹாஸ்ல சிட்டி வருது பாரு."

எனக்கா பொறுமை? அடுத்த கப்பலில் உன் கோபக் கடிதம் வந்து முந்துவதற்குள் நான் முந்த வேண்டும். அதே கப்பல் மெட்ராஸ் திரும்புவதற்குள் எழுதிப் போட்டுவிட்டேன்: 'இனி எனக்கு அக்கா இல்லை.'

அடுத்த கப்பலில் உன் கடிதம் வந்தது. என்னுடையது கிடைக்குமுன் நீ எழுதியது. "நாலு நாள் சோறு எறங்கலடா. அப்புறம் யோசிச்சேன், தாத்தா செஞ்சதுக்கு அந்தப் புள்ள என்ன பண்ணும்? ஜாக்கெட் அளவு அனுப்பு. கல்யாணத்துக்கு நானும் கப்பலேறி வர்றேன்." கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த கோபம் கடல் தாண்டி வருவதற்குள் உனக்குத் தணிந்துவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

தந்தி கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். குத்துமதிப்பாகத் தைத்த இரண்டு ஜாக்கெட்டுகள் பார்சலில் வந்தன. உள்ளே ஒரு வரிகூட இல்லை. நீ வரவுமில்லை. திருப்பி அடித்திருக்கலாமே அக்கா! நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

நீ போன செய்தி தந்தியில் வந்தபோது துறைமுகத்தில் கப்பல் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். 'அக்கா இல்லை' என்று எழுதிய என் கடிதத்தை நீ மச்சானிடம்கூடக் காட்டவில்லை என்று அங்கேதான் தெரிந்தது. அன்று பந்தியில் பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் சொன்னார்: "கல்யாணத்துக்கு நீ அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டியாம். கப்பல் ஒத்துக்காதுன்னு போகாம இருந்துட்டேன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனா."

ஆமாம் என்று தலையாட்டினேன். யார் கேட்டாலும் இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.