மேசை ஜாடியில் சிவக்கும் உப்புநீர்

என்னங்க,

அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிடுகிறேன். வேறெப்படிக் கூப்பிட எனக்குத் தெரியும்?

உங்கள் மேசைமேல் அந்தக் கண்ணாடி ஜாடி இன்னும் இருக்கிறது. மரக்காணம் உப்பளத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்த உப்புநீர். அதில் வாழ்ந்து அதைச் சிவப்பாக்குபவை சாலினிபாக்டர் என்னும் பேரினத்துப் பாக்டீரியா, நல்ல தண்ணீர் பட்டால் வெடித்துச் செத்துவிடும் என்று கல்லூரியில் பாடம் நடத்தியது போதாமல் எனக்கும் நடத்தினீர்கள்.

நீங்கள் போனபின் அவற்றுக்கு யாரும் தீனி போடவில்லை. கள்ளக்குறிச்சிக் கோடையில் நீர் வெளுத்து, அடியில் உப்பு படிந்தது. செத்துவிட்டன என்றுதான் நினைத்தேன். ஆடி பிறந்ததிலிருந்து மறுபடி சிவக்கிறது. ஒவ்வொரு அமாவாசை கழிந்ததும் இன்னும் கொஞ்சம். மூடியருகே முகத்தைக் கொண்டுபோனால், கல்வராயன் மலையேறித் திரும்பும் நாட்களில் உங்கள் சட்டையில் அடிக்கும் வியர்வை வாடை.

பேய் என்று சொன்னாலே கன்னியாஸ்திரிகள் முட்டி போடவைத்த பள்ளியில் படித்தவள் நான். ஆனாலும் அந்த மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. நேற்று ஜாடியைக் கழுவிவிடுவது என்று குழாயடிக்கு எடுத்துப்போனேன். குழாயையும் திறந்துவிட்டேன்.

“ஊத்தாதீங்கம்மா! உள்ள ஐயா கீறாரு!”

நைனார்பாளையத்திலிருந்து வீட்டு வேலைக்கு வரும் முனியம்மாள், துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“என்னடி உளறுறே?”

“நீங்கதான் படையலே போடமாட்டேன்னுட்டீங்க. ஐயா பட்டினி கெடக்கணுமா? அமாவாசைக்கு அமாவாசை, அவருக்குப் புடிச்ச அவிச்ச முட்டைல துளி கிள்ளி அதுல போட்டுகினு வரேன். பாருங்க, துன்னுட்டு இன்னா செவப்பா கீறாரு! உசுரோட இருந்தப்பகூட இந்தக் கலரு இல்ல.”

காரணம் தெரிந்துவிட்டது. முட்டைதான் தீனி. அத்துடன் பயமும் போயிருக்க வேண்டும் இல்லையா?

போகவில்லை. உங்கள் பெயரைச் சொல்லிப் போட்டதை ஏதோ ஒன்று தின்கிறது, தின்று பெருகுகிறது. அது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்குத் தெரியுமா?

குழாயை மூடினேன். ஜாடி மேசைக்கே திரும்பிவிட்டது.

வரும் அமாவாசைக்கு முட்டையை நானே அவிப்பேன். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பசித்த ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது, அவ்வளவுதான். நல்ல தண்ணீர் ஒரு சொட்டும் அதில் விழாமல் பார்த்துக்கொள்வேன். நீங்கள் மட்டும், எனக்கு ஏதாவது பதில் சொல்ல நினைத்தால், தயவுசெய்து அந்த ஜாடி வழியாகச் சொல்லாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
சரோஜினி