கடற்கரைப் புத்தகத்தில் நான் சேர்த்த வரி

என் பிரியமான அப்பாவுக்கு,

குரங்கணியில் இன்று காலையிலிருந்தே சுள்ளென்று வெயில். நீங்கள் கடைசி நாட்களில் உட்கார்ந்த தண்ணீர்த் தொட்டித் திட்டில் கோழி ஏறிப் படுத்திருக்கிறது. விரட்ட மனசு வரவில்லை. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்தக் கடற்கரைப் புத்தகம் நினைவிருக்கிறதா? எழுபத்தொன்பதில், நீங்கள் வேலை பார்த்த ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஜீப்பில் விட்டுவிட்டுப் போனது. ஐரோப்பாவின் தெற்கே ஏதோ ஒரு கடல். லீவுக்கு வருகிறவர்கள் அங்கே என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும், "ஆத்தா, அதைக் கொண்டா. இன்னைக்கு எங்க போறோம்?" என்பீர்கள். நான் இங்கிலீஷை எழுத்துக்கூட்டித் தமிழில் சொல்வேன். அடியில் கண்ணாடி பதித்த படகில் போய் மீன் பார்க்கலாம். குன்றின்மேல் பழைய கோட்டை இருக்கிறது. சாயங்காலம் துறைமுகத்தில் உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிடலாம்.

மணலில் துண்டு விரித்து வெயிலில் படுத்திருந்தவர்களை மட்டும் உங்களால் பொறுக்கவே முடியவில்லை. "கிறுக்குப் பயலுக! வெயில்ல போட்டா காயே வெளுத்துப் போயிரும். மனுசன் என்னத்துக்கு ஆவான்?" முப்பது வருஷம் ஸ்டோரில் விறகுச் சூட்டில் ஏலக்காய் உலர்த்தியவர் நீங்கள். பச்சை போனால் காய் போச்சு. வெயில் என்றாலே உங்களுக்கு ஆகாது.

அந்தச் சூட்டிலும் புகையிலும்தான் உங்கள் நெஞ்சு கெட்டது. போடி டாக்டர் தினமும் காலை வெயிலில் உட்காரச் சொன்னார். மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவும் சொன்னார். இரண்டுக்கும் நீங்கள் அசையவில்லை. நீங்கள் இருமுவதைக் கேட்கச் சகிக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துப் படித்தேன். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஒரு மாதம் வெயிலில் உட்கார்ந்தால் முழுசாகக் குணமாகிவிடும் என்று.

"அப்பிடியா போட்டிருக்கான்?"

"ஆமாப்பா."

மறுநாளே தொட்டித் திட்டில் போய் உட்கார்ந்தீர்கள். காயைப் புரட்டிவிடுகிற மாதிரி, கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் நீங்களே திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். எனக்கு ஒரே சிரிப்பு. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். ஆனால் மதுரைப் பேச்சை எடுத்ததும் கையை உதறினீர்கள். "எதுக்கு ஆத்தா மதுர? புஸ்தகத்துலயே போட்டிருக்கில்ல. மாசம் முடியட்டும், வெரசா எந்திரிச்சிருவேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தக் காலை வெயிலையும் விட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போனது.

இருபத்து மூன்றாம் நாள் மூச்சு இழுத்துக்கொண்டது. போடிக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினோம். என் மடியில் தலை வைத்திருந்தீர்கள். "இன்னும் ஏழு நாள் இருக்கே ஆத்தா" என்றீர்கள். வழியில் முந்தல் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மதுரைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பீர்களா? டாக்டரிடம் கேட்கப் போடிவரை போய், கேட்காமலே பஸ் ஏறி வந்துவிட்டேன். அவர் ஆமாம் என்றால் என்ன செய்வேன்? இல்லை என்றால் மட்டும் என்ன செய்வேன்?

இப்போதெல்லாம் காலேஜ் பிள்ளைகள் இங்கே மலையேற வருகிறார்கள். "இங்க பாக்க என்னக்கா இருக்கு?" என்று கேட்கிறார்கள். அருவிப் பக்கமும் காப்பித் தோட்டத்துப் பக்கமும் கைகாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். எதைச் சொல்லவும் பயமாக இருக்கிறது, அப்பா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அந்தப் பக்கத்தை எடுத்து, உங்கள் திட்டில் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி படிக்கிறேன். படகு இருக்கும், கோட்டை இருக்கும், பொரித்த மீன் இருக்கும். அந்த வரி இருக்காது.

இப்படிக்கு,
நீங்கள் நம்பிய உங்கள் மகள்,
பாண்டியம்மா