காடேக் என்ற பெயர்

செவ்வாய்க்கிழமை, ஐப்பசி 14

மகள் துளசிக்கு இன்னும் இரண்டு கிழமையில் பிள்ளை பிறக்கும். மருமகன் பாலித்தீவைச் சேர்ந்தவர். பிள்ளைக்குக் ‘காடேக்’ என்று பெயர் வைக்கிறார்களாம்.

லா சப்பல் உணவகத்தில் என்னோடு வேலை செய்யும் ஜாவாக்காரி ரத்னாவிடம் இன்று அதைப் பெருமையாகச் சொன்னேன். ஜாவாவில் தம்பி தங்கையை ‘அடிக்’ என்று கூப்பிடுவார்களாம். பாலியில் அதையொட்டிய காடேக் என்ற பெயரை இரண்டாவது பிள்ளைக்கு வைப்பார்களாம். தலைப்பிள்ளை என்றால் ‘வாயான்’ என்றாள்.

துளசிக்கு இதுதான் தலைப்பிள்ளை. மருமகனுக்கு ஊரில் வேறு குடும்பம் இருக்கிறது என்றே முடிவுகட்டிவிட்டேன். வேலை முடிந்ததும் நேரே ரூ லூயி-பிளாங் தெருவில் இருக்கும் துளசி வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அவரின்ர மூத்த பிள்ளை எங்கை? ஆரிட்டை வளருது?”

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

“மூத்ததும் என்ர பிள்ளைதான் அம்மா. அஞ்சாம் மாசத்திலை வயித்திலையே போயிட்டுது. அவையள் அதையும் சேர்த்துத்தான் எண்ணுவினம்.”

போன வருடம் மாசியில் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்தாள். மச்சாளின் கலியாணத்துக்கு வரவில்லை என்று போனில் அரை மணித்தியாலம் ஏசினேன்.

“ஓம் அம்மா, பிழைதான்” என்றாள் அப்போது.