மேல் கல்லும் கீழ்க் கல்லும்

என் உயிருக்கு நெருங்கிய இபுராகிம் மச்சான், நீங்கள் உறங்கும் இடத்தில் அமைதி நிறையட்டும்.

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. இத்தனை நாளும் எழுதாததற்குக் காரணம் பயம்தான். உங்கள் மனைவியின் தம்பி நான். உங்களிடம் எந்த வாயால் தொடங்குவேன்?

அன்று காலை துறைமுகத்தில் இரண்டு பளிங்குப் பலகைகளை லாரியில் ஏற்றினோம், ஒன்றின் மேல் ஒன்றாக. நடுவில் நீங்கள் சாக்கு விரித்தீர்கள். காண்ட்ராக்டர் முதலாளி அதை உருவச் சொன்னார். "மழை வருது. சாக்கு நனைஞ்சா கல்லுல கறை புடிச்சிடும்."

"மொதலாளி, சாக்கு இல்லாம பளிங்கு மேல பளிங்கு நிக்காது" என்றீர்கள். அவர் கேட்கவில்லை. கல் நீளமென்று லாரியின் பின்பக்கத் தடுப்புப் பலகையையும் இறக்கிவிட்டிருந்தோம். நீங்கள் கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டினீர்கள். இருந்த இடத்தில் அதற்கு மேல் யாரால் என்ன செய்ய முடியும்?

ஜெலுத்தோங் பாலத்து ஏற்றத்தில் எதிரே மாட்டுவண்டி வந்ததால் நிறுத்தினேன். லாரி பின்னால் உருளாமலிருக்க, நீங்கள் இறங்கிச் சக்கரத்தின் பின்னால் கட்டை வைத்தீர்கள். இதுவரை உங்களுக்குத் தெரியும். முன்னால் என் இருக்கையில் நடந்தது தெரியாது.

மாட்டுவண்டி கடந்ததும் முதலாளியின் கார் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு ரோஷம் வந்தது. கட்டையை எடுத்துக்கொண்டு நீங்கள் விலகிவிட்டீர்களா என்று திரும்பிப் பார்க்காமல் கிளட்சை வெடுக்கென்று விட்டேன். லாரி துள்ளிப் பாய்ந்தது. கயிறு அறுந்து மேல் கல் உங்கள் மேல் விழுந்த சத்தம் கேட்டது. மச்சான், அந்தச் சத்தம் இன்னும் என் காதில்தான் இருக்கிறது.

உங்களை அடக்கம் செய்த மறுநாளே முதலாளி என்னைத் தேடி வந்தார். "காதரு, இபுராகிம் கள்ளு குடிச்சிருந்தான், கயித்த அவிழ்த்துட்டு கல்லை நெம்பினான்னு நான் சொல்லப்போறேன். நீ வாயத் தொறக்காதே. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

வாழ்நாளில் கள்ளுக்கடை வாசலை மிதிக்காதவர் நீங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்ன பொய்யில் நானும் ஒளிந்துகொள்ள ஒரு நிழல் இருந்ததே!

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கல் பட்டறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். உடைந்த பளிங்குத் துண்டுகள் இரண்டை அன்றைய மழையில் இருந்தது போல நனைத்து, ஒரு மரப்பலகை மேல் அடுக்கி, கயிறு கட்டி இழுத்துப் பார்த்தேன். மெதுவாக இழுத்தால் இரண்டும் சேர்ந்தே வந்தன. வெடுக்கென்று இழுத்தால் கீழ்க் கல் பலகையோடு போனது, மேல் கல் வழுக்கிப் பின்னால் விழுந்தது. கல்லை யாரும் நெம்ப வேண்டியதே இல்லை. இழுத்த கை போதும். பதினோரு முறை செய்தேன், ஒரு முறையாவது வேறு மாதிரி நடக்காதா என்று.

கோர்ட் விசாரணையன்று அந்தத் துண்டுகளையும் பலகையையும் ஒரு சாக்குத் துண்டோடு துணியில் சுற்றி எடுத்துப் போனேன். முதலாளி தான் சொன்னபடியே சொல்லி முடித்தார். என் முறை வந்தது. வாயைத் திறப்பதற்கு முன் பலகையை மாஜிஸ்திரேட்டின் மேசை மேல் வைத்து, துண்டுகளை நனைத்து அடுக்கி, வெடுக்கென்று இழுத்துக் காட்டினேன்; மேல் கல் வழுக்கி விழுந்தது.

முதலாளி சிரித்தார். "இது விளையாட்டுக் கல்லு, துரை. எங்க கல்லைத் தூக்கப் பன்னெண்டு ஆள் வேணும். அவ்வளவு கனம் தானா அசையுமா?"

மாஜிஸ்திரேட் தன் கனத்த சட்டப் புத்தகங்கள் இரண்டை மேல் கல்லில் அடுக்கி, மறுபடி இழுக்கச் சொன்னார். வெடுக்கென்று இழுத்தேன். புத்தகங்களோடு கல் அப்படியே வழுக்கியது.

"கனம் கூடினா பிடியும் கூடுது, துரை" என்றேன். "ஆனா அந்தக் கனத்தைக் கூடவே இழுத்துட்டுப் போறதுக்கும் அதே அளவு பலம் கூட வேணும். அதனால பெரிய கல்லும் சின்னக் கல்லும் ஒரே மாதிரிதான் வழுக்கும்." பிறகு நடுவில் சாக்குத் துண்டை வைத்து, அதே வேகத்தில் இழுத்தேன். கல் அசையாமல் கூடவே வந்தது.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்: "லாரியை மெதுவாக எடுத்திருந்தால்?"

"கல்லு விழுந்திருக்காது."

"நீ எப்படி எடுத்தாய்?"

முதலாளி சொல்லாதே என்று தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினார். நான் சொன்னேன்: "வெடுக்குனு, துரை. பின்னால பாக்காம."

உங்கள் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள், மச்சான். குடிப் பேச்சு பொய் என்றும், சாக்கை எடுக்கச் சொன்னது தவறு என்றும் எழுதினார்கள். என் லைசென்ஸை மூன்று மாதம் பிடித்து வைத்தார்கள்.

அக்கா இத்தாவில், கணவனை இழந்தவர் வெளியே போகாத அந்த நாலு மாதம் பத்து நாளில், இருந்ததால் கோர்ட்டுக்கு வரவில்லை. நான்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், நான் லாரியை வெடுக்கென்று எடுத்ததையும்.

"நீ மெதுவா எடுத்திருந்தா அவரு வீட்டுக்கு வந்திருப்பாரா?" என்று அக்கா கேட்டார்.

"வந்திருப்பாரு, லாத்தா."

"இதை அத்தனை பேர் முன்னாலயும் சொன்னியா?"

"சொன்னேன்."

கதவைச் சாத்திக்கொண்டார். இத்தா முடியும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வாரம் ஆளனுப்பிக் கூப்பிட்டார். "என்னை அந்தப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போ." போனோம். "எங்க நின்னாரு?" காட்டினேன். அந்த இடத்தில் போய் நின்றார். அழவில்லை. பிறகு கேட்டார்: "லைசென்ஸ் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. நான் இனிமே ஓட்ட மாட்டேன், லாத்தா."

"நீ ஓட்டாட்டி வேற ஒருத்தன் ஓட்டுவான். அவனும் வெடுக்குனு இழுப்பான். வெடுக்குனு இழுத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமில்ல? நீ ஓட்டு."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா, மச்சான்?

திங்கட்கிழமை வேறொரு முதலாளியிடம் லாரி எடுக்கிறேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பின்னால் நிற்பவர் முன்னால் நடந்து வந்து, என் கதவில் கை வைத்து "போகலாம்" என்று தன் வாயால் சொல்லும்வரை, எவர் ஹாரன் அடித்தாலும் என் சக்கரம் உருளாது.

உங்கள் ஜைனம்புவின் தம்பி,
உங்கள் மைத்துனன் காதர்