ஊசியையும் விட மாட்டேன், கடையையும் விட மாட்டேன்

மார்ச் 3, திங்கள்
காலையிலேயே வெயில். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் சீட், அப்படியும் முதுகெல்லாம் ஈரம்.

ஆஸ்பத்திரி. நாடி இன்னும் வேகம். என் உடம்பே தைராய்டைத் தூண்டிவிட்டு அளவுக்கு மேல் சுரக்க வைக்கிறதாம். அதற்கான புது மருந்தைச் சோதிக்கிறார்கள், நானும் சேர்ந்திருக்கிறேன். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடும் நர்ஸுக்கே தெரியாது. பழைய மாத்திரை மட்டும் எல்லாருக்கும் உண்டு.

டாக்டர் கையை நீட்டச் சொல்லி விரல்மேல் காகிதம் வைத்தார். படபடவென்று ஆடியது. ஆடட்டும், போ.

மார்ச் 5, புதன்
திண்டிவனம். கடை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் செய்யும் ஒரே பெண் நான்தான். இந்த நடுக்கத்தில் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன் பிடிக்க முடியவில்லை. போன் கவர் விற்பனை மட்டும்.

வந்த ஆள்: "இன்னாம்மா, வெல கேட்டா முறைக்கிற?" முறைக்கவில்லை சாமி, வியாதியில் கண் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. எத்தனை பேருக்குச் சொல்வது?

அண்ணன் வந்தார். "உன்ன வச்சி டெஸ்ட் பண்றானுங்க. தண்ணி ஊசிக்கு அலஞ்சிக்கினு கீற. கடைய வாடகைக்கு வுட்டுட்டு வூட்ல இரு. ஞாயித்துக்கெழம ஆள இட்டாறேன்."

"நானும் டிஸ்ப்ளேவ டெஸ்ட் பண்ணிதான் மாட்றேன். பண்ணாம எது வேல செய்யும்னு எப்டிண்ணா தெரியும்? ரெண்டையும் வுட மாட்டேன்."

இடம் அப்பாவுடையது, அந்த உரிமையில்தான் அண்ணன் பேசுகிறார். ஆனால் சாவி என் இடுப்பில். அண்ணன் கிளம்பியதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். ஆத்திரம்தான்.

மார்ச் 7, வெள்ளி
வாங்க: மாத்திரை, ஈயக் கம்பி, கறிவேப்பிலை.
பழைய போன் போர்டில் ஈயம் வைத்துப் பழகினேன். மணிக்கட்டை மேஜையில் அழுத்தி, மூச்சை விட்ட பிறகு வைத்தால் கை கொஞ்சம் நிற்கிறது. நாலில் ஒன்று உருப்படி. மருந்தா, பிடிவாதமா? தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு
காற்றே இல்லை. அண்ணன் ஆளோடு வந்துவிட்டார். விக்கிரவாண்டிக்காரர், ஜூஸ் கடை போடுவாராம். சுவரை அளந்துகொண்டிருக்கும்போதே அவர் போன் செத்தது.

"சார்ஜே ஏற மாட்டுது. ஒரே பேஜாரு."

"குடுங்க."

"உன்னால ஆவாது." இது அண்ணன்.

பழைய சார்ஜிங் பின்னைக் கழற்றிப் புதுசு வைத்தேன். முதல் தடவை கை நழுவியது. மறுபடி வைத்தேன், பிடித்தது. சார்ஜ் ஏறியது. கூலி கேட்டு வாங்கினேன்.

"ஓடற கடைய ஏங்க காலி பண்ண சொல்றீங்க?" என்று அண்ணனிடம் கேட்டுவிட்டு மனிதர் கிளம்பிவிட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னா முறைக்கிற?"

"ஆமா. இப்பதான் நெசமா முறைக்கிறேன்."